இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று

தலைமை நாற்காலியில் வீற்றிருக்கும், அன்று எங்களை வரிசையில் நிறுத்தி இன்று எங்களால் வரிசையாகத் தொல்லைப்படும் ஓய்வுபெற்ற மேஜர் ஐயா அவர்களே! அவர் அருகில், வந்த நேரத்திலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! ஆண்டறிக்கையை அடுக்கடுக்காய் அழகாய் வாசித்து அமர்ந்த செயலாளர் அவர்களே! முட்டி தேய்ந்தும் முதுகு வளையாத மூத்த வீரர்களே! களத்தில் ஒரு காலை விட்டுவிட்டு, கைத்தடி ஒன்றை ஊன்றி வந்திருக்கும் தோழர்களே! போனவர் வருவாரா, போனவர் வருவாரா என்று வாசலைப் பார்த்தே வயதைத் தொலைத்த அன்னையரே, சகோதரியரே! போனவர் வராமலே போனபின்னும் இந்தச் சங்கத்துக்கு வந்துகொண்டிருக்கும் தாய்மாரே! கதவருகே, மின்விசிறிக்குக் கீழே, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் என் தோழன் தூணே! அவன் பக்கத்தில், மடியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருக்கும் அவன் மனைவியே, என் தங்கச்சியே! உங்கள் எல்லோருக்கும் முன்னால் இந்த எழுபத்தொரு வயதுத் தலை தாழ்கிறது. வணக்கம் சொல்லத் தாழ்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். அது பாதிதான்.

யாரங்கே, கடைசி வரிசையில், சத்தமாகப் பேசச் சொல்வது? டேங்கா? டேய் டேங்கு, உன் காது பீரங்கிச் சத்தத்திலேயே போய்விட்டது. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் உனக்குப் பாதிதான் கேட்கும். பேசாமல் முன்வரிசைக்கு வந்து உட்கார்.

சுவரில் கடிகாரம் பதினொன்றரை காட்டுகிறது. மேஜர் ஐயா, பன்னிரண்டுக்கு என்னை விட்டுவிட வேண்டும். அதற்குமேல் ஒரு நிமிடம்கூட நான் பேசக் கூடாது. பேசினால் அந்த மேசை மணியை அடியுங்கள். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

அழைப்பிதழில் என் தலைப்பை அச்சடித்திருக்கிறீர்கள்: "விரதமும் வெற்றியும்." மேசைமேல் ஒரு கேடயம் பளபளக்கிறது. அதில் என் பெயரும், என் பெயருக்குக் கீழே "எடை காத்த தளபதி" என்ற பட்டமும் பொறித்திருக்கிறீர்கள். நான் தளபதியாக இருந்ததே இல்லை, ஐயா. பட்டாளத்தில் முப்பத்திரண்டு ஆண்டு உடற்பயிற்சி வாத்தியார். கழுத்தில் விசில், வாயில் அதட்டல், அவ்வளவுதான் என் ஆயுதம். அதனால்தான் நீங்கள் எல்லோரும் எனக்கு "விசிலு" என்று பெயர் வைத்தீர்கள்.

சற்று முன் செயலாளர் வாசித்தாரே, கவனித்தீர்களா? "விரதத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒன்றரை ஆண்டில் குறைத்த எடை திரும்ப ஏறாதவர்கள் இருபத்து மூன்று பேர்." கைதட்டினீர்கள். கட்டடம் அதிரக் கைதட்டினீர்கள். நாளை முதல் நம் கிளைச் சங்கங்கள் பதினாறுக்கும் இதே திட்டம் போகிறது, என் பலகையில் எழுதிய அதே மூன்று வரியோடு போகிறது என்று அறிவித்தார்கள். அதற்கும் தட்டினீர்கள். நான் தட்டவில்லை. இந்தக் கேடயத்தை நான் வாங்கலாமா, கூடாதா? கதை சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எப்படித் தொடங்கியது இந்த விரதம்? ஒரு பித்தானால் தொடங்கியது! நான்கு வருடத்துக்கு முன் நினைவு நாள் அணிவகுப்பு. பழைய சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்து, மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, மனைவிமார் இழுத்துப் பித்தான் மாட்டிவிட, வந்து நின்றோமே, நினைவிருக்கிறதா? "அட்டென்ஷன்!" என்று நான் கத்தினேன். நம் தூண் நெஞ்சை நிமிர்த்தினான். நடு வயிற்றுப் பித்தான் டப்பென்று தெறித்து, பறந்து, மேஜர் ஐயாவின் மூக்குக் கண்ணாடியில் போய் அடித்தது. மேஜர் ஐயா சிரிக்கிறார், பாருங்கள்! அன்று சிரிக்கவில்லை. "போர்க்களத்துல கூட என்னை யாரும் குறிபாத்து அடிச்சதில்லடா, நீ அடிச்சிட்டியே" என்றார். மைதானமே சிரித்தது. தூண் மட்டும் சிரிக்கவில்லை. பித்தான் போன இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, அணிவகுப்பு முடியும்வரை அசையாமல் நின்றான்.

அன்றிலிருந்து பிடித்தது வெறி. நடந்தோம். ஓடினோம். மைதானத்தைச் சுற்றினோம், சுற்றிவிட்டு மூலைக் கடையில் போய் இரண்டு பன்னும் ஒரு டீயும் சாப்பிட்டோம். பத்துக் கிலோ குறைந்தது, பன்னிரண்டு கிலோ ஏறியது. மறுபடி குறைந்தது, மறுபடி ஏறியது. குறைப்பதில் நாங்கள் கில்லாடிகள். குறைத்ததைக் காப்பதில் கோட்டை விட்டோம். ஏன் தெரியுமா? குறைப்பது தாக்குதல்; ஒரு வேகத்தில் பாய்ந்துவிடலாம். காப்பது காவல். காவலில் கைதட்டல் கிடையாது, களிப்பு கிடையாது, நிற்க வேண்டும், நிற்க வேண்டும், நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

அப்போதுதான் நம் மருந்தகத்துக்கு உணவு ஆலோசனை சொல்லும் ஒரு பெண் வந்தார். பொறுமைசாலி. நம் கூச்சலுக்கு நடுவே ஒரு காகிதத்தை நீட்டினார். இரவு எட்டிலிருந்து மறுநாள் பன்னிரண்டுவரை பதினாறு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு. மீதி எட்டு மணி நேரத்தில் இரண்டு வேளை, அளவாக, நல்ல சாப்பாடு. "பட்டினி கிடக்கிறது இல்ல ஐயா இது, இடைவெளி விட்டுச் சாப்பிடறது. சிலருக்கு நல்லா ஒத்துக்கும். எடை மறுபடி ஏறாம இருக்கவும் உதவலாம். ஆனா ஒவ்வொருத்தர் உடம்பும் வேற, முதல்ல டாக்டரைப் பாத்துடுங்க" என்றார். நல்ல பிள்ளை. அவர் சொன்னதில் ஒரு சொல் தவறில்லை. அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், இன்று சொல்கிறேன்.

அந்தக் காகிதத்தை நான் எடுத்துக்கொண்டேன். இந்த மண்டபத்தின் வாசலில் கரும்பலகை இருக்கிறதல்லவா? அதில் ஆணையாக எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்த வாத்தியார் ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தார்: ஆணை மூன்று வரி. நாலாவது வரி வந்தால் அது ஆணை இல்லை, கடுதாசி. சிப்பாய் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். முப்பத்திரண்டு ஆண்டும் அப்படித்தான் எழுதினேன். முதல் வரி, இரவு எட்டு முதல் பகல் பன்னிரண்டு வரை தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இரண்டாம் வரி, விசில் ஊதாமல் எவனும் தட்டைத் தொடக் கூடாது. மூன்றாம் வரி, முடியவில்லை என்பவன் பெயர் இந்தப் பலகையில் "சிக்" என்று எழுதப்படும்.

காகிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது, தோழர்களே. "சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது." இருந்தது! அச்சில் இருந்தது! கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். பலகையில் இடமும் இருந்தது. ஆனால் மூன்று வரி முடிந்துவிட்டதே! நாலாவது வரியை எழுதுவானா வாத்தியார்? எழுதவில்லை.

"சிக்" என்றால் என்ன என்று தாய்மார்களுக்குத் தெரியாது. சொல்கிறேன். பட்டாளத்தில் உடம்பு சரியில்லை என்று காலையில் தனி வரிசையில் போய் நிற்பவனுக்கு அந்தப் பெயர். நிற்கலாம், விதியில் இடம் உண்டு. ஆனால் நின்றவன் பிறகு மெஸ்ஸுக்குள் நுழைந்தால் நாற்பது பேர் சேர்ந்து இருமிக் காட்டுவார்கள். குண்டடி பட்டவனே அந்த வரிசையில் நிற்கக் கூச்சப்படுவான். அந்தக் கூச்சத்தை, அறுபது எழுபது வயதுக் கிழவர்களின் வயிற்றுக்கு முன்னால், சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்தேன் நான்.

வேலை செய்ததா? செய்தது! தினமும் பன்னிரண்டு அடிக்கும்போது நம் குடியிருப்புத் தெருமுனையில் போய் நிற்பேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. விசில் கேட்டதும் தெரு முழுக்கத் தட்டுச் சத்தம் கேட்கும். வெள்ளிக்கிழமை தோறும் இதே மண்டபத்தில் எடை பார்த்தோம். முள் இறங்கியது. இறங்கிய முள் இறங்கிய இடத்திலேயே நின்றது. தூண் பதினான்கு கிலோ குறைந்தான். அடுத்து வந்த நினைவு நாளில் அதே சீருடையைத் தானே மாட்டிக்கொண்டு வந்து, பித்தானைத் தட்டிக் காட்டி, "இப்ப தெறிக்கட்டும் பாப்போம்!" என்றான். அவன் சிரித்து நான் பார்த்த கடைசி நினைவு நாள் அது.

தூண் யார் என்று தெரியாதவர்கள் இங்கே இருக்கலாம். அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது? நாங்கள் இளைஞர்களாக இருந்த காலம். மலைமேல் ஒரு காவல் முகாம். அவன் காவலுக்குப் போனான், ஆறு மணி நேரத்தில் ஆள் மாற்ற வேண்டும். பனி கொட்டி வழி மூடிக்கொண்டது. ஆறு மணி நேரம் ஒரு நாளாயிற்று, ஒரு நாள் இரண்டாயிற்று. கீழே கூடாரத்தில் நெருப்பு இருந்தது, சறுக்கியாவது இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டாம் நாள் மாலை வழியை வெட்டிக்கொண்டு ஏறிப்போய் அவனை மாற்றியவன் நான்தான். உதடு வெடித்திருந்தது. துப்பாக்கியைப் பிடித்திருந்த விரலைப் பிரிக்க முடியவில்லை. "ஏன்டா இறங்கி வரல? செத்துத் தொலைச்சிருப்பியே!" என்று திட்டினேன். "மாத்த ஆள் வராம எப்படி இறங்கறது? நீ வருவேன்னு தெரியும்" என்றான்.

நீ வருவேன்னு தெரியும். இந்த மூன்று சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு வருடம் போனது. ஒரு நாள் காலை பத்து மணிக்கு இந்தத் தங்கச்சி என் வீட்டு வாசலுக்கு வந்தது. கையில் துவைத்துப் பிழிந்த சட்டை. "அண்ணா, அவருக்குக் காலையில கை நடுங்குது. பத்து மணிக்கெல்லாம் வேர்த்துக் கொட்டுது, சட்டையே நனைஞ்சு போகுது. நேத்து என்னையே யாருன்னு கேக்கற மாதிரி பாத்தாரு. ஒரு வாய் ஏதாச்சும் குடுத்துடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா சாப்பிடுவாரு" என்று கேட்டது. ஒரு வார்த்தை! என்னிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை! நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பட்டாளத்துக்காரன் பொண்டாட்டி பேசற பேச்சாம்மா இது? உடம்பு நடிக்கும். புதுசா சேந்த ரெக்ரூட்டு மாதிரி, ஆரம்பத்துல அழும். விட்டுப் பிடிச்சா வழிக்கு வந்துடும். போம்மா, போய் வேலையப் பாரு." அது சட்டையை உதறிக்கொண்டே திரும்பிப் போனது.

ஆரம்பமா அது? ஒரு வருடம் முடிந்து, எலும்பு தெரிய இளைத்து நின்றவனுக்கு அதுவா ஆரம்பம்? யார் நடித்தது, தோழர்களே? அவன் உடம்பா நடித்தது? எல்லாம் தெரிந்த மாதிரி நான்தான் நடித்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. பதினோரு மணிக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தேன்; அரை மணியில் முடிந்துவிடும், பன்னிரண்டுக்குத் தெருமுனைக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. டாக்டர் தாமதம். பல் உடைந்தது, வேர் வரவில்லை, ஊசிமேல் ஊசி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பன்னிரண்டு. பன்னிரண்டரை. ஒன்று. இரண்டரை. விசில் சட்டைப் பையில் இருக்கிறது. இருக்கட்டுமே, எல்லார் வீட்டிலும் கடிகாரம் இருக்கிறது, சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். இருபத்திரண்டு பேர் சாப்பிட்டார்கள். "விசிலு இன்னைக்கு விடுமுறை" என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒருவன் சாப்பிடவில்லை.

தங்கச்சி பின்னால் எனக்குச் சொன்னது. பன்னிரண்டுக்குத் தட்டு வைத்திருக்கிறது. "விசில் வரட்டும்" என்றானாம். "மணி ஒண்ணாகப் போகுதுங்க." "காவல்ல நிக்கறவன் கடிகாரத்தைப் பாக்கக் கூடாது." "அண்ணன் எங்கயோ வெளிய போயிருக்காருங்க, அவங்கவங்க சாப்பிட்டாச்சு, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், ஒரு வாய்!" தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, வேர்த்த முகத்தோடு, குழறிய வாயோடு அவன் சொன்னானாம்: "வருவான். லேட்டா வருவான். ஆனா வருவான்."

வந்தேன். மூன்றே கால் மணிக்கு வந்தேன். வீங்கிய கன்னத்தோடு, வாயில் பஞ்சோடு தெருவில் நுழைகிறேன், தங்கச்சி செருப்பில்லாமல் ஓடி வருகிறது. அந்த முன்னறை என் கண்ணிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. ஜன்னல் ஓரம் மர நாற்காலி. அதில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான், இரண்டு கையும் முட்டியின்மேல். எதிரே மூடி போட்ட தட்டு. கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. வாய்க்குள் எதையாவது ஊட்டியிருக்கக் கூடாதா, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்பீர்கள். தங்கச்சி அதற்குள் கூப்பிட்டிருந்தது. நான்? நான் என்ன செய்தேன்? பஞ்சைத் துப்பிவிட்டு, ரத்தம் வழிகிற வாயில் விசிலை வைத்து ஊதினேன்! இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவன் வலது கை முட்டியிலிருந்து எழுந்தது. தட்டைப் பார்த்து நகர்ந்தது. மூடியைத் தொட்டது. அப்படியே நாற்காலியோடு சரிந்தான்.

இதோ, இந்த மருத்துவர் அம்மாதான் அன்று பணியில் இருந்தார். "காலையில சர்க்கரை மாத்திரை போட்டாரா?" என்று கேட்டார். "ஏழு மணிக்குப் போட்டாரு டாக்டர், ஒரு நாளும் தவற மாட்டாரு" என்றது தங்கச்சி. டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த மாத்திரை இருக்கற சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கும்மா. மேல சாப்பாடு போகலன்னா அடிமட்டத்துக்குக் கொண்டு போயிடும். இத்தனை மணி நேரம் மூளைக்கு எதுவும் கிடைக்கல. மாத்திரையைப் போட்டுக்கிட்டு சாப்பிடாம இருக்கச் சொன்னது யாரு?" நான் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இரண்டடி தூரம். பதில் சொல்லவில்லை. டாக்டரம்மா, ஏழு மாதம் தாமதமாகப் பதில் சொல்கிறேன். நான்தான் சொன்னேன்.

சங்கத்தில் என்ன சொன்னேன்? பக்கவாதம் என்றேன். நீங்களும் நம்பினீர்கள், பதிவேட்டிலும் அப்படியே எழுதினீர்கள். தங்கச்சிக்கு உண்மை தெரியும். ஏழு மாதமாக ஒரு ஆளிடமும் அது வாயைத் திறக்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

பதினோரு நாள் கழித்துக் கண் விழித்தான். விழித்தவன் தூண் இல்லை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளை "நர்சம்மா" என்று கூப்பிட்டான். கரண்டியைக் கொண்டு போனால் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள், மூக்கில் குழாய் போட்டார்கள். நான்காவது வாரம் ஒரு நாள், கீழே சாலையில் போக்குவரத்துக் காவலர் வண்டி ஒன்றை நிறுத்த விசில் ஊதினார். கட்டிலில் கிடந்தவன் வாயைத் திறந்தான். நர்ஸ் ஓடி வந்து, "என்ன ஐயா இது, அதிசயமா இருக்கே!" என்றார். எனக்கு அதிசயமாக இல்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தேன்.

அன்றிலிருந்து காலை எட்டு, பகல் பன்னிரண்டு, மாலை ஏழு. மூன்று வேளையும் நான் போய் ஊதுகிறேன். ஊதினால் வாய் திறக்கிறது, தங்கச்சி ஊட்டுகிறது, விழுங்குகிறான். ஊதாவிட்டால் இல்லை. ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். "நீயே ஊதிடும்மா, யாரு ஊதினா என்ன?" என்று விசிலை நீட்டினேன். தங்கச்சி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. "நான் ஊத மாட்டேன் அண்ணா. நான் அவருக்குப் பொண்டாட்டி. நான் கெஞ்சிச் சாப்பிடாத மனுஷன், ஊதிச் சாப்பிட வேணாம். ஆரம்பிச்சது நீங்க, நீங்களே ஊதுங்க" என்றது. காய்ச்சலோடு எழுந்து போய் ஊதினேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. ரத்த அழுத்தம் இருக்கிறது. படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது. முன்பெல்லாம் சாவைக் கண்டு பயந்தவன் இல்லை நான். இப்போது ஒவ்வொரு காலையும் பயந்துகொண்டே எழுந்திருக்கிறேன். எனக்குப் பிறகு யார் ஊதுவது? எட்டு மணிக்கு நான் வரவில்லை என்றால் அவன் காத்திருப்பான். பன்னிரண்டுக்கும் காத்திருப்பான். லேட்டாக வருவான், ஆனால் வருவான் என்று அந்த மூடிய வாய்க்குள் நினைத்துக்கொண்டே காத்திருப்பான். என்ன செய்வேன் நான், சொல்லுங்கள்! எவனாவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்! எனக்குத் தெரியவில்லை.

செயலாளர் அவர்களே, உங்கள் அறிக்கையில் பிழை இல்லை. தூணின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. ஏறவில்லை. ஒரு கிலோகூட ஏறவில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலில் அவன் வரிசைதான் எல்லாவற்றிலும் ஒழுங்கான வரிசை. இருபத்து மூன்றுக்கு இருபத்து மூன்று! நூற்றுக்கு நூறு! தட்டுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள்? தட்டுங்கள்!

இல்லை, இல்லை. தாய்மார்களே, மன்னியுங்கள். குரல் உயர்ந்துவிட்டது.

விரதத்தை நான் பழிக்கவில்லை. டாக்டரம்மா போன வாரம் என்னிடம் சொன்னார்: "விரதம் தப்பில்ல ஐயா. மாத்திரையை மாத்திக் குடுத்து, பக்குவமா பாத்து, வாராவாரம் ரத்தம் பாத்துச் செய்திருந்தா அவருக்கும் ஒத்துப்போயிருக்கலாம். கேக்காம செஞ்சது தப்பு. சொல்லாம தாங்கினது அதைவிடத் தப்பு." சொல்லாமல் தாங்கியது! அதுதானே நம் பெருமை? அதற்குத்தானே பதக்கம் கொடுத்தார்கள்? பசித்தால் சொல்லாதே, வலித்தால் சொல்லாதே, நடுங்கினால் கையைப் பையில் வைத்துக்கொள். இருபது வயதில் அது வீரம். எழுபது வயதில், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், அது என்ன தோழர்களே?

கடைசியாக ஒன்று கேட்கிறேன். திட்டத்தில் இருக்கும் மற்ற இருபத்திரண்டு பேரும் இங்கே இருக்கிறீர்கள். முன்னால் உங்கள் மனைவிமார் இருக்கிறார்கள், மேஜர் இருக்கிறார், மருத்துவர் இருக்கிறார். இந்த ஒன்றரை ஆண்டில், விசிலுக்கு முன்னால், யார் யாருக்குக் கை நடுங்கியது? யார் யாருக்குக் கண் இருட்டியது? "சிக்" என்று எழுதிவிடுவேன் என்று யார் யார் மறைத்தீர்கள்? நடுங்கிய கையைத் தூக்குங்கள். ஆணை இல்லை இது. கெஞ்சிக் கேட்கிறேன்.

யாரும் இல்லையா? ஒருவர்கூட இல்லையா?

ஒன்று. சரி. அங்கே ஒன்று. இரண்டு, மூன்று. தபால்காரா, நீ குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாயே, அதுவா? நான்கு. ஐந்து, ஆறு. தயங்காதே, தூக்கு. ஏழு. எட்டு. டேங்கு, நீயுமா? காது கேட்காமல் தூக்கினாயா, கேட்டுத்தான் தூக்கினாயா? கேட்டுத்தான். ஒன்பது. பத்து. பதினொன்று.

பதினொன்று. பாருங்கள், டாக்டரம்மா. ஒவ்வொரு கைக்குப் பக்கத்திலும் இருக்கும் மனைவியின் முகத்தைப் பாருங்கள். இருபத்திரண்டில் பதினொரு தூண் என் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். எந்த வெள்ளிக்கிழமை முள்ளும் இதை எனக்குக் காட்டவில்லை. நாளை அந்தப் பலகை பதினாறு ஊருக்குப் போகப் போகிறதாம்.

போகக் கூடாது! மேஜர் ஐயா, போகக் கூடாது! மூன்று வரியையும் இன்றே அழியுங்கள். நாலாவது வரியை மட்டும் எழுதுங்கள், இந்தச் சுவர் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். கை தூக்கிய பதினொரு பேரும் இந்த மேடையை விட்டு டாக்டரம்மா இறங்குவதற்கு முன் அவர் முன்னால் வரிசையில் நில்லுங்கள். ஆம், சிக் வரிசைதான்! எவனாவது இருமிக் காட்டினால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். வரிசையின் முதல் ஆளாக நானே நிற்கிறேன். கேடயத்தை எடுத்து உள்ளே வையுங்கள் ஐயா. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மூடி போட்ட தட்டு ஞாபகம் வருகிறது.

யார் அது, மணி அடிப்பது? மேஜர் ஐயாவா? ஏன்?

ஐயோ.

பன்னிரண்டு தாண்டிவிட்டதா? பன்னிரண்டு ஏழா? ஐயா, முன்னாலேயே அடித்திருக்கக் கூடாதா? மூன்று தடவை அடித்தீர்களா? எனக்குக் கேட்கவில்லையே. என் பேச்சு என் காதை அடைத்துவிட்டதே. தங்கச்சி, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறாயா? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாம்மா? அவன் பார்க்கிறான். மேடையைத்தான் பார்க்கிறான். இரண்டு கையும் முட்டியின்மேல்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மாருக்கும், கை தூக்கிய பதினொரு வீரருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம். வழி விடுங்கள், கொஞ்சம் வழி விடுங்கள், நான் இறங்க வேண்டும்.

தூணு, வந்துட்டேன்டா. லேட்டாயிடுச்சு. வந்துட்டேன்.